எக்ஸ்ரே நட்சத்திரம்

நுரையீரல் சுத்தமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றே ஞானதுரை கிறிஸ்துமஸ் மரத்துக்கென ஒரு சவுக்குக் கிளையை வெட்டிவந்து, மணல் நிரப்பிய பெயிண்ட் வாளியில் நட்டான். அவன் மனைவி பியூலா அவனுடைய பழைய எக்ஸ்ரே படத்தை எடுத்து நட்சத்திரங்களாக வெட்ட ஆரம்பித்தாள்.

"ஏட்டி, அத ஏன் வெட்டுத? டாக்டர் கேட்டா என்ன சொல்ல?"

"அதான் புதுப்படம் இருக்குல்லா."

விலா எலும்புகள் ஒவ்வொன்றாகக் கிளையேறின. கடைசி நட்சத்திரத்தில், இத்தனை மாதமாக அவளைத் தூங்கவிடாத அந்த வெள்ளைப் புள்ளி இருந்தது. குப்பையில் போடுவாள் என்று நினைத்தான். அவளோ ஊசியைக் காய்ச்சிப் புள்ளியின் நடுவிலேயே குத்தி, நூல் கோத்து உச்சியில் கட்டினாள்.

கிளைக்குப் பின்னால் தொங்கிய பல்பைப் போட அவள் சுவிட்சில் கைவைத்ததும், எக்ஸ்ரே அறையில் நிற்பவனைப்போல ஞானதுரை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"போதும், விடுங்க" என்றாள் பியூலா.