பின்வரிசையில் நின்றவன்

ஜெத்ரோவுக்குக் குண்டு எங்கே பட்டது என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

முதுகில் என்றேன்.

கோர்ட் மாடியில் அந்தச் சின்ன அறைக்குள் முப்பது பேர் அடைந்து கிடந்தார்கள். கீழே தெருவில் பேண்டுக்காரர்கள் செவ்வாய்க்கிழமைத் தேர்தலுக்காக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

ஜெத்ரோவின் விதவை லவினியா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கழற்றிய கையுறைகள் மடியில் கிடந்தன.

அவளுக்கு வக்கீல் அம்ப்ரோஸ் கெட்லர். எங்களோடு சிப்பாயாக உள்நாட்டுப் போருக்குப் போய்க் கேப்டனாகத் திரும்பியவன். பிறகு வக்கீலானான். இப்போது காங்கிரஸ் சபை உறுப்பினராகி வாஷிங்டன் போவதற்கு ஓட்டுக் கேட்கிறான். எங்கள் ஜில்லாவில் அவன் பெயரை ஒட்டாத வேலி இல்லை.

எனக்கு அவனைப் பிடிக்காது. என் ஓட்டு உனக்கில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். கென்டக்கிச் சோளக்காட்டில் கால் சிதறிக் கிடந்த என்னைத் தோளில் தூக்கி வந்தவன் அவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதை மேடைக்கு மேடை சொல்லியே தேய்த்துவிட்டான்.

ஒவ்வொரு வருஷமும் பனி விழுவதற்கு முன்னால் லவினியா வீட்டு வாசலில் ஒரு வண்டி விறகு இறக்குவான். ஓட்டுக்காக என்பேன். பெண்களுக்கு ஏது ஓட்டு என்று என் மனைவி கேட்பாள். ஊர் பார்க்கிறதே என்பேன்.

லவினியாவின் வழக்கு ஒரே ஒரு வரியால் வந்தது. அந்தச் சோளக்காட்டுச் சண்டை முடிந்த அன்று எங்கள் படைப்பிரிவுக் குமாஸ்தா எழுதி வைத்த வரி: ஓடும்போது முதுகில் சுடப்பட்டான். ஓடிப்போனவன் மனைவிக்கு அரசாங்கம் பென்ஷன் தராது. அவள் மனு மூன்று தடவை திரும்பி வந்துவிட்டது. இதுதான் கடைசி.

அன்று அந்த இடத்தில் நின்றவர்களில் உயிரோடு இருப்பது நானும் அம்ப்ரோஸும்தான். வாதாடுகிற வக்கீலே சாட்சி சொல்ல முடியாது என்று அவன் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தான்.

ஜெத்ரோ ஓடவில்லை, எதிரியைப் பார்த்துத்தான் நின்றான் என்றேன்.

நேராக நின்றவனுக்கு முதுகில் எப்படிக் குண்டு பாயும் என்று அதிகாரி கேட்டார். கொஞ்சம் சிரித்தார்கூட.

சொன்னேன். நாங்கள் இரண்டு வரிசையாக நிற்போம். பின்வரிசைக்காரன் முன்னால் நிற்பவனின் தோளுக்கு மேலே துப்பாக்கியை நீட்டிச் சுட வேண்டும். புகை கவிந்தால் தோள் எது, வானம் எது என்று தெரியாது. முன்னால் நிற்பவன் துப்பாக்கியில் மருந்து கெட்டிக்க அரையடி நகர்ந்தால் போதும்.

லவினியா கையுறையை எடுத்து மறுபடி மாட்ட ஆரம்பித்தாள். விரல் நுழையவில்லை.

ஜெத்ரோவுக்குப் பின்னால் நின்றது யார் என்று கேட்டார் அதிகாரி. பேர் சொல்ல முடியாவிட்டால் இது வெறும் கதை, பழைய வரிதான் நிற்கும் என்றார்.

அம்ப்ரோஸைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் என் கொட்டகைக்கு வந்திருந்தான். இதைச் சொல்லு, அதை விடு என்று சொல்லிக்கொடுப்பான், நாலு வார்த்தை கேட்கலாம் என்று காத்திருந்தேன். குதிரையைத் தடவிக்கொண்டு நின்றான். உள்ளதைச் சொல்லு என்றான். போய்விட்டான். வக்கீல் தந்திரம் என்று நினைத்தேன்.

இப்போதாவது கண்ணைக் காட்டுவான் என்று பார்த்தேன். காட்டவில்லை. நெற்றியில் மட்டும் வேர்த்திருந்தது. அக்டோபர் கடைசிக் குளிரில்.

கீழே பேண்டு நின்றது.

"ஞாபகமில்லீங்க," என்றேன். "இருபத்திரண்டு வருஷமாச்சு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். லவினியா எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அம்ப்ரோஸ் கோட்டில் குத்தியிருந்த படைவீரர் சங்கப் பதக்கத்தைக் கழற்றினான். மேஜையில் வைத்தான்.

"என் சாட்சி பொய் சொல்றான் ஐயா. இவனுக்கு நல்லாவே ஞாபகம் இருக்கு. எந்திரிடா எனோஸ், அந்த நாற்காலி எனக்கு வேணும்."

மரக்காலை ஊன்றி எழுந்தேன். தடுமாறினேன். அவன்தான் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான்.

உட்கார்ந்தான். பைபிளை யாரும் நீட்டும் முன்பே வலது கையைத் தூக்கினான். அதிகாரியைப் பார்க்கவில்லை. லவினியாவைப் பார்த்தான்.

அந்த விறகு ஓட்டுக்காக இல்லை என்று எனக்கு முதல் வருஷமே தெரியும்.