இருந்தது இருந்தபடியே

"நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போலிருக்கு மேடம்."

புரூஃப் ரீடர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருடைய கம்ப்யூட்டர் திரை காலையிலிருந்து கன்னங்கரேலென்று கிடந்தது.

"இங்க நின்னா சரியாயிடுமா? போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்று வெடித்தாள் மேனேஜர். பதிப்பகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே கடுகு.

ரிப்பேருக்கு வந்தவனுக்கு, வெளியே போகிறவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"உள்ள ஓடற லினக்ஸ் நல்லாத்தான் இருக்கு மேடம். மேல திரையில தெரியற டெஸ்க்டாப்தான் போயிடுச்சு. மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா ஏத்திடறேன். அரை மணி நேர வேலை."

"கூடாது. இருந்தது இருந்தபடியே வரணும்."

சொல்லிவிட்டு அவன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். இந்த அம்மா எதையோ மறைக்கிறாள் என்று அவனுக்குப் பட்டது.

டெஸ்க்டாப்பை மறுபடி ஏற்றிப் பார்த்தான். முடியாது என்றது. இன்னொரு விதமாகக் கேட்டான். அதற்கும் முடியாது.

பங்காளிச் சண்டைதான். இரண்டு புரோகிராம்களுக்கும் வேண்டியது, பொதுவாக வைத்துப் பயன்படுத்தும் ஒரே லைப்ரரி ஃபைல். டெஸ்க்டாப் ஒரு வெர்ஷனைக் கேட்டது. வெளியிலிருந்து இறக்கிய ஏதோ ஒரு புரோகிராம் வேறு வெர்ஷனைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. நேற்று வந்த அப்டேட், நடுவில் மாட்டிக்கொண்டு டெஸ்க்டாப்பையே கழற்றிப் போட்டிருந்தது.

எந்தப் புரோகிராம்? எதை யார் எப்போது ஏற்றினார்கள் என்ற பதிவைத் திறந்தான். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது. மூன்று வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை ஏற்றியிருக்கிறார்கள். யார் பெயரில் என்று பார்த்தவன் திரும்பினான்.

"லீவு நாள்ல வந்து இதைப் போட்டது நீங்கதான் மேடம். பழி மட்டும் அவருக்கா?"

கடுகு வெடிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மெதுவாப் பேசுங்க. அவருக்குக் கண் மங்கிட்டே வருது. தெரிஞ்சா வேலை போயிடும்னு பயந்து வெளியில காட்டிக்க மாட்டேங்கறார். நான் கேட்டா கூனிக்குறுகிப் போயிடுவார். அதான், என் பொண்ணு போன்ல சொல்லச் சொல்ல நானே போட்டேன். அவர் வர்றதுக்கு முன்னாடி தினம் ஒரு துளி எழுத்தைப் பெரிசாக்கிடுவேன். கெட்டுப் போகும்னு எனக்கு என்ன தெரியும்?"

அவன் கீபோர்டுப் பக்கம் திரும்பினான். சண்டைக்காரப் புரோகிராமை நீக்கினான். லைப்ரரியை டெஸ்க்டாப் கேட்ட பழைய வெர்ஷனுக்கு இறக்கினான். டெஸ்க்டாப் முணுமுணுக்காமல் வந்து உட்கார்ந்தது. பிறகு லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே எழுத்தைப் பெரிதாக்கும் புரோகிராம் ஒன்றை ஏற்றி, அவள் சொன்ன அளவுக்கு வைத்தான்.

புரூஃப் ரீடர் திரும்பி வந்தார். உட்கார்ந்தார். முதல் வரியிலேயே ஒரு ஒற்றுப்பிழையைப் பிடித்தார்.

"இனிமே கண்டதையும் அமுக்காதீங்க!" என்று வெடித்துவிட்டு மேனேஜர் தன் அறைக்குப் போனாள்.

அவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மாடிப்படி வரை கூடவே வந்தார் புரூஃப் ரீடர்.

"தம்பி, அந்தப் பெரிய எழுத்து யார் வேலைன்னு பார்த்திருப்பீங்களே?"

அவன் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"மேடத்துக்கு அதால ஒரு கெட்ட பேர் வந்துடக் கூடாது. ரிப்போர்ட்ல நான்தான் கெடுத்தேன்னு எழுதிடுங்க" என்றார் அவர். "அப்புறம் தம்பி, எனக்குத் தெரியும்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. சங்கடப்படுவாங்க."