கொற்றன் மேடு

"கொற்றன் மேடு!"

மைக்கில் முழங்கிவிட்டு, கைதட்டலுக்காக நின்றான் அவள் புருஷன்.

தட்டினார்கள். தட்டாமல் என்ன. பொங்கல் விழாவில் சாப்பாட்டுக்கு முன்னால் யார் எதைச் சொன்னாலும் தட்டுவார்கள்.

அயர்லாந்தின் மேற்கு மூலையில், கடலும் காற்றும் செம்மறியாடும் தவிர வேறொன்றுமில்லாத அந்த வட்டாரத்துக்கு கோர்ட்னமோட் என்று பெயர். அங்கே பிழைக்கப் போன தமிழ்க் குடும்பங்கள் மொத்தமும் ஒரு சமூகக் கூடத்துக்குள் அடங்கிவிடும். அதற்கும் ஒரு தமிழ்ச் சங்கம். சங்கத்துக்கு அவன் தலைவர். வீட்டில் வைத்த பெயர் சுரேந்திரபாபு. சங்கத்தில் கதிர்வேந்தன்.

கோர்ட்னமோட் என்பது கொற்றன் மேடு திரிந்ததுதான் என்று வருஷக்கணக்காக அந்த ஊர்ப் பெயரைப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தான். பழைய மடத்துச் சாமியார்கள் ஒரு மாதிரி எழுதினார்களாம். நிலப்படம் வரைய வந்த இங்கிலாந்துக்காரன் காதில் விழுந்ததை வேறு மாதிரி எழுதி, பெயரின் வாலையும் நறுக்கினானாம். சாலைப் பலகையில் இப்போது இன்னொரு மாதிரி. ஒவ்வொன்றையும் திரையில் போட்டுக் காட்டினான். கடைசிப் படத்தில் கொற்றன் என்ற தமிழ் மன்னன் குதிரைமேல் வந்தேவிட்டான்.

"ஒரு ஊரோட பேரை வெட்டுறது, அந்த ஜனங்களோட கழுத்தை வெட்டுற மாதிரி," என்றான்.

முன்வரிசையில் இருந்த அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

காலையில்தான் அவளுடைய அம்மாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

முதல் தடவையாக விமானம் ஏறி வந்தவள். விடியுமுன் எழுந்து, அத்தனை பேருக்கும் சர்க்கரைப் பொங்கல் கிண்டி, பட்டுச்சேலை கட்டி, புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வெளியில குளிரு, அத்தை. உங்களுக்குச் சேராது," என்றான்.

பொங்கல் பாத்திரம் காரில் ஏறியது. அம்மா ஏறவில்லை.

குளிராம்.

அவளுக்குத் தெரியாதா. நம் ஆட்கள் சாதியை நேரே கேட்பதில்லை. அவ்வளவு அநாகரிகமா? ஊரைத்தான் கேட்பார்கள். சொந்த ஊர் எது என்பார்கள். டவுனா, பக்கத்துக் கிராமமா என்பார்கள். கிராமம் என்றால், கிராமத்தில் எந்தப் பக்கம். அதற்குள் ஆளை எடை போட்டு முடித்துவிடுவார்கள். விசாலாட்சி அக்கா இதில் பலே கெட்டிக்காரி. கேசரி பரிமாறிக்கொண்டே கேட்பாள்.

அவள் பிறந்தது வேலாம்பள்ளம் காலனி.

வேலாம்பள்ளம் வேறு. காலனி வேறு. நடுவில் ஒரு ரோடு.

யார் கேட்டாலும், அவள் வாயைத் திறக்குமுன் அவன் முந்திக்கொள்வான். "திருச்சி பக்கம்." காதலித்த நாளில் சாதியைக் காறித் துப்பிய அதே வாய். கல்யாணமானதிலிருந்து அவள் திருச்சி பக்கம்தான். அம்மாவுக்கு இந்தப் பாடமெல்லாம் வராது. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள்.

அதுதான் குளிர்.

பொங்கல் கிண்ணங்கள் வரிசை வரிசையாக வந்தன. சிறப்பு விருந்தினரைப் பேச அழைத்தார்கள். பிரீட் என்று அந்த ஊர் நூலகர், நரைத்த முடிக்காரி. பிறந்ததிலிருந்து ஐரிஷ் பேசுகிறவள்.

கொற்றனைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. மரியாதைக்காரி. எங்கள் மொழியில் கோர்ட்னமோட்டுக்கு ஏழைகளின் வயல் என்று அர்த்தம், என்றாள். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு விரட்டப்பட்டவர்கள் ஒண்டின இடம். என் ஆட்களும் அங்கேதான் கிடந்தார்கள். பொங்கல் பிரமாதம். சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

தலைவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ராஜாவைத் தேடிப் போனவன் கையில் பஞ்சப்பராரிகள் கிடைத்தால் என்ன செய்வான்?

"இதுவும் ஒரு கருத்து," என்று சமாளித்தான்.

அவளுக்கு அந்த நரைமுடிக்காரியைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். யாருடைய கிண்ணமும் கீழே விழவில்லை.

நன்றியுரை எப்போதும் தலைவர் மனைவிக்கு. பெரிதாகப் பேச வேண்டாம். எல்லோருக்கும் நன்றி என்று கைகூப்பினால் போதும், அவன் வாயெல்லாம் பல்லாகப் பக்கத்தில் நிற்பான்.

மேடையேறினாள். மைக்கை எடுத்தாள்.

விசாலாட்சி அக்கா இரண்டாவது கிண்ணத்தில் இருந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"என்ன கைப்பக்குவம்டி! பொங்கல் யாரு வச்சது?"

அவன் முந்திக்கொண்டான்.

"கேட்டரிங்ல சொன்னது, அக்கா."

அவள் திரும்பிப் பார்த்தாள். கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. தோளில் கரை போட்ட துண்டு. சட்டையில் குத்திய அட்டையில் கதிர்வேந்தன். கோபம்கூட வரவில்லை. வெற்றிலை எச்சிலை மிதித்துவிட்ட மாதிரி இருந்தது.

"எங்கம்மா வச்சது," என்றாள் மைக்கில். "ஊரு வேலாம்பள்ளம் காலனி. வீட்லதான் இருக்காங்க."

விசாலாட்சி அக்காவின் ஸ்பூன் கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

யாரும் தட்டவில்லை. பிரீட் மட்டும், ஒன்றும் புரியாமல், கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் குனிந்து மைக் வயரைத் தேடினான்.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது என்று அவளுக்குப் பட்டது. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்து, இன்னொரு தடவை சொன்னாள்.