ஒரு டேங்க், ஆயிரம் கிலோமீட்டர்

வெளியூரிலிருந்து வந்த குடும்பம். ஷோரூமுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக எல்லாரும் பாத்ரூமுக்கு ஓட, கணவர் மட்டும் நேராக அந்த ஏழு சீட் டீசல் வண்டியிடம் வந்தார்.

விற்பனையாளர் எடுத்த எடுப்பிலேயே பிரம்மாஸ்திரத்தை வீசினார்.

"ஒரு தடவை டேங்க்கை நிரப்பினா ஆயிரம் கிலோமீட்டர் சார். பங்க் பக்கம் தலைவச்சுப் படுக்க வேண்டாம்."

கணவரின் முகம் மலர்ந்தது. அப்போதுதான் திரும்பி வந்த மனைவிக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"இதே வண்டி பெட்ரோல்ல இருக்கா?"

"இருக்கும்மா. ஆனா லிட்டருக்குப் பத்துதான் தரும்."

"அதைவிடக் கம்மியா தர்றது?"

பன்னிரண்டு வருஷ அனுபவத்தில் இப்படியொரு கேள்வியை அவர் கேட்டதில்லை. மனைவியின் பின்னாலேயே வந்து நின்ற மாமியாராவது அடக்குவார் என்று அந்தப் பக்கம் பார்த்தார்.

"மருமக சொல்றதுதான் சரி. டேங்க்கும் சின்னதா இருந்தா தேவலை" என்றார் மாமியார்.

கணவர் போன் பேச வெளியே நகர்ந்தார்.

"ஏம்மா, சார் இவ்வளவு ஆசைப்படுறாரே?" என்றார் விற்பனையாளர்.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "தங்கமான மனுஷன்தாங்க. ஆனா ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டா, யார் கெஞ்சினாலும் பாத்ரூமுக்கு நிறுத்த மாட்டாரு. பெட்ரோல் போட பங்க்ல நின்னாத்தான் எங்களுக்கு விமோசனம். இன்னைக்குக் கிளம்பறப்பவே டேங்க்கை நிரப்பித் தொலைச்சுட்டாரு."

அப்போதுதான் பாத்ரூமிலிருந்து வெளியே வந்த மாமனார், போன் பேசிவிட்டு உள்ளே வந்த மகன் கையில் கார் சாவியைப் பார்த்ததும் மறுபடியும் உள்ளே போனார்.