விலாங்கு உரிக்கும் பெண்

என் மனைவி கோடலீவ் என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவளுடைய சக்கர நாற்காலியை நிறுத்தினேன். எதிரே கண்காட்சிச் சுவரில், விலாங்கு மீனின் தோலை உரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். நானூறு வருடத்து ஓவியம். பக்கத்தில் இருந்த சின்னப் பலகையில் வரைந்தவரின் பெயர்: லீவன் ஹோர்னார்ட்.

அந்தக் குடும்பத்தில் நான்கு பேர் ஓவியர்கள். அப்பா யோஸ்ட், மகன்கள் லீவன், கிலிஸ், மகள் காத்தலைன். ஒரே பட்டறையில் வரைந்தார்கள். யாரும் கையெழுத்துப் போடவில்லை. எந்த ஓவியம் யாருடையது என்று பிரித்துப் பார்ப்பதிலேயே கோடலீவுக்கு முப்பத்தொரு வருடங்கள் போயின. அந்த வருடங்களில் நான் மெஹலன் நகரில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போன ஏப்ரலில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. எழுத்து போயிற்று. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது.

"ஆமா," என்றாள் பலகையைப் பார்த்து. தலை மட்டும் இல்லை இல்லை என்று ஆடியது.

அந்தத் தலையாட்டலையும் நம்ப முடியாது. காபி வேண்டுமா என்றால் இல்லை என்று ஆட்டிவிட்டுக் கோப்பைக்குக் கை நீட்டுவாள்.

கண்காட்சியின் பொறுப்பாளர் வௌட்டர் குனிந்து அவள் கையைப் பற்றிக்கொண்டார். "மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கல," என்றார் சுற்றி நின்றவர்களிடம். சிலர் கைதட்டினார்கள்.

"சந்தோஷம் இல்ல வௌட்டர். லீவன்னு போட்டது தப்பு. அதைத்தான் சொல்றா."

அவர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர். "தப்புன்னா இப்பவே கழட்டிடுறேன். ஆனா யார் பேரைப் போடறது? அவங்க குறிப்புல எங்கயும் இல்லையே."

நான் அவள் முன்னால் மண்டியிட்டேன்.

"அப்பாவா? யோஸ்டா?"

"ஆமா."

"கிலிஸா?"

"ஆமா."

"அந்தப் பொண்ணா? அவசரமில்ல, மெதுவா யோசிச்சுச் சொல்லு."

"ஆமா."

சரியான பெயர் வரும்போது என் விரலை அழுத்தச் சொன்னேன். எல்லாப் பெயருக்கும் அழுத்தினாள். கடைசியில் லீவனா என்றும் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அதற்கும் அதே சொல்தான் வந்தது. இடது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வௌட்டர் என் தோளைத் தொட்டார். "தலையாட்டுறதை வெச்சு நான் என்ன பண்ண முடியும்? நீங்க மட்டும் எப்படி இவ்வளவு உறுதியா இருக்கீங்க?"

கோடலீவ் இப்போது பலகையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கவாதம் வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. தொலைக்காட்சியில் சைக்கிள் பந்தயம், கடைசி ஏற்றம். கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்டுபிடித்துவிட்டேன் என்றாள். லீவன் இல்லை என்றாள். யார் என்று சொன்னாள். எப்படித் தெரிந்தது என்றும் சொன்னாள். பத்து நிமிடமாவது பேசியிருப்பாள்.

நான் திரையைப் பார்த்தபடி ம் கொட்டிக்கொண்டிருந்தேன்.