சுல்தான் நலமாக இருக்கிறார்

"துரை, இந்த மீன் செத்தா என்ட மானமும் செத்துரும். கெதியா ஏதாவது செய்யுங்க!"

ஸெய்னுதீன் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். உள்ளே ஒற்றைக் கோமாளி மீன். செம்மஞ்சள் உடம்பு, மூன்று வெள்ளைப் பட்டை. நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் மலையளவு கப்பல்களைக் கயிறு போட்டுக் கட்டிய மனிதர், இரண்டு அங்குல மீனுக்கு முன்னால் வெடவெடத்தார்.

காரணம், மருமகன் ஸப்வான். வீட்டோடு வந்த மாப்பிள்ளை. வரும்போது ஓர் உடுப்புப் பெட்டியும் இந்தக் கடல்நீர்த் தொட்டியும் அதற்குள் சுல்தான் என்ற மீனும்தான் கொண்டுவந்தார். இப்போது சுல்தானுக்குத் தினமும் ஸலாம் சொல்வதும், பள்ளிவாசல் வாசலில் அதன் புகழ் பாடுவதும் மாமனாரின் வேலை. பத்து நாள் பயிற்சிக்குக் கொழும்புக்குப் போன ஸப்வான், சுல்தானை அவர் கையில்தான் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

"நல்லதுக்குத்தான் செஞ்சேன் துரை. தண்ணி பளிங்கு மாதிரி இருக்கட்டும் எண்டு கிருமி கொல்லுற விளக்கொண்டு வாங்கி, இருக்கிற மோட்டர்லயே பூட்டினேன். வியாழக்கிழமை பூட்டினது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுட்டு வந்து பாத்தா, சுல்தான் மௌத்து!"

"அப்ப இந்தா நிக்கிறது ஆர்?"

"மெல்லக் கதைங்க! மகள் ஹுஸ்னியா குசினியில நிக்கிறாள். அவளுக்கும் தெரியா. இது சுழியோடி அன்ஸார் கடல்ல முழுகிப் பிடிச்சது. இந்து சமுத்திரத்தில பாதியைத் துழாவியிருக்கான். பட்டை, வால், முழி எல்லாம் அச்சொட்டா அதேதான். நாலு மணி பஸ்ஸில மருமகன் வந்திருவார். இதும் போனா நான் எந்த முகத்தோட அவருக்குச் சோறு போடுவேன்?"

நண்பர் இராசதுரை முழங்காலிட்டு, தொட்டிக்குக் கீழே இருந்த அலுமாரிக் கதவைத் திறந்தார். தண்ணீர்க் கந்தோரில் வால்வு திறந்து மூடியே தலை நரைத்தவர். அவர் கை பட்டால் குழாய்கள் எழுந்து நின்று மரியாதை செய்யும் என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் அவர்தான்.

கீழ்த்தொட்டியில் ஒரு மோட்டர். அதிலிருந்து ஒரு குழாய் மேல்தொட்டிக்கு ஏறியது. நடுவில் புதிதாக ஒரு கிளை. அது விளக்குக்குள் புகுந்து கீழ்த்தொட்டியிலேயே விழுந்தது.

"நானா, இந்தக் கிளையில வால்வு எங்க?"

"எந்த வால்வு?"

இராசதுரை தலையில் கைவைத்தார். "கப்பல் கட்டத் தெரிஞ்ச அளவுக்கு உங்களுக்குத் தண்ணி கட்டத் தெரியேல்லை. தண்ணியைப்போல சோம்பேறி உலகத்தில இல்லை நானா. பள்ளத் தெருக் குழாயெல்லாத்தையும் திறந்து விட்டா, மேட்டுத் தெருச் சனம் வெறுங்குடத்தோடதான் நிக்கும். இங்கயும் அதே கதை. ஒரே மோட்டர். விளக்குப் பக்கம் போறது சுகம் எண்டு தண்ணியெல்லாம் அங்க போகுது. மேல ஏறுறது சொட்டுத்தான். தண்ணி அசையாட்டி மீன் எப்பிடி மூச்சு விடும்?"

பையிலிருந்து ஒரு வால்வை எடுத்துக் கிளைக்குழாயில் பொருத்தி, முழுவதுமாக மூடினார். அவ்வளவுதான். மேல்தொட்டிக்குத் தண்ணீர் சீறிக்கொண்டு ஏறியது. விளக்குக்காக மோட்டரின் வேகத்தை ஸெய்னுதீன் உச்சத்துக்குக் கூட்டி வைத்திருந்ததால், வழிந்து இறங்கும் துளையால் அவ்வளவையும் விழுங்க முடியவில்லை. விளிம்பைத் தாண்டி, பக்கத்திலிருந்த செற்றி மெத்தையில் கொட்டியது.

"துரை! கொட்டியாரக் குடாவே வீட்டுக்குள்ள வருது!"

"கத்தாதேங்கோ. மேல போறதும் கீழ வாறதும் சரிசமனா இருக்கோணும். விளக்குக்கு மெல்லிசா ஓடினாக் காணும். ஆறுதலாப் போனாத்தான் கிருமியும் சாகும்."

வால்வை மயிரிழை மயிரிழையாகத் திறந்தார். வழிவது நின்றது. கண்ணாடியில் ஸப்வான் பேனாவால் கீறிவைத்திருந்த கோட்டில் நீர்மட்டம் அசையாமல் நின்றது. மீன் மெல்லக் கீழே இறங்கியது, ஓட்டத்தை எதிர்த்து ஒரு சுற்றுச் சுற்றியது, போட்ட தீனியை லபக்கென்று விழுங்கியது.

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

படலை திறந்தது. ஸப்வான் பையை வைத்துவிட்டு நேரே தொட்டியடிக்குத்தான் வந்தார். கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அந்த ஒரு நிமிடம் ஸெய்னுதீனுக்கு முழு நோன்புப் பகலாக நீண்டது.

"மாமா..."

"என்ன மருமகன்?" குரல் கொழும்பிலிருந்து வந்தது போலக் கேட்டது.

"சுல்தான் நல்ல துடியாட்டமா நிக்கிறான். எல்லாம் உங்கட கைராசி."

ஸெய்னுதீன் விட்ட பெருமூச்சில் சன்னல் சீலை பறந்தது. "வாங்க துரை, டீ குடிப்பம்! வடையும் தின்பம்! கடையையே தின்பம்!" என்று நண்பரை இழுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

ஸப்வான் குசினிக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! மாமாக்கு இன்னும் விளங்கல்ல ஹுஸ்னியா. சுல்தான் போன நோன்புக்கே செத்துட்டான் எண்டு தெரிஞ்சா மனுசன் தாங்கமாட்டார். அங்க நீந்துறது நான் களவா மாத்தி விட்ட மூணாவது மீன்."

ஹுஸ்னியா நிமிர்ந்து பார்க்காமல் தேநீரைக் கலக்கினாள். "மூணாவது இல்ல... நாலாவது. உங்கட மூணாவது, நீங்க கொழும்பு பஸ் ஏறின அண்டைக்கே செத்துட்டு. நான்தான் ஆருக்கும் தெரியாம வேறொண்டு வாங்கி விட்டனான்."