இடப்பக்கம் ஒரு முழம்

நாலு மணிக்கு முடிய வேண்டிய ஒத்திகை நாலேகாலுக்கும் முடியவில்லை.

பம்பரம் மறுபடியும் அதே இடத்தில் மூச்சு வாங்கினாள்.

‘கதவைத் திறந்தால் கடல் இருக்கும்’ என்பது வரி. ‘திறந்’ வரை பாடுவாள். அங்கே ஒரு துளி இடைவெளி. பிறகுதான் ‘தால்’.

பாட்டு டீச்சர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். வரி முடியட்டும், அப்புறம் மூச்சு வாங்கு, வார்த்தையை ஒடிக்காதே என்று வாரம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பம்பரம் தலையாட்டுவாள். ஓடிக்கொண்டே பாடச் சொன்னால் பாடுவாள். கயிறு தாண்டிக்கொண்டே பாடச் சொன்னால் அதையும் செய்வாள். குரல் நடுங்காது. எத்தனை சுற்று சுற்றினாலும் தலை சுற்றாது. பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

அந்த ஒரு மூச்சு மட்டும் திருந்தவில்லை.

நடன மாஸ்டருக்கு வேறு குறை. சுற்றி முடித்ததும் தரையில் டேப் ஒட்டிய குறியின் மேல் நிற்க வேண்டும். அவள் தினமும் ஒரு முழம் வலப்பக்கம் தள்ளி நிற்கிறாள். பஸ்ஸில் பையை வைத்துப் பக்கத்து சீட்டைப் பிடித்து வைக்கிறாயா என்று மாஸ்டர் கேட்டதற்கு மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மாஸ்டர் டீச்சரின் கணவர். ஒத்திகை அறைக்குள் இருவரும் மாஸ்டர், டீச்சர்தான். கோளாறு உன் பாட்டில் என்று அவரும், உங்கள் காலில் என்று இவளும் சண்டையை வீடு வரைக்கும் கொண்டுபோவார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளையைத்தான் சேர்ப்பது என்ற இந்த நாடகப் பள்ளியின் விதிக்காகச் சொந்த அண்ணனின் இளைய மகளையே வாசலோடு திருப்பி அனுப்பிய மனுஷன் அவர். ஒரு முழத்தை விட்டுக்கொடுப்பாரா?

நாடகத்தில் ஒருத்தி தனியாகப் பாடி ஆடும் பாட்டு இது ஒன்றுதான். இன்றைக்கும் சரிவராவிட்டால் வேறு பெண்ணுக்குப் போய்விடும். பம்பரத்துக்கும் அது தெரியும். தண்ணீர் குடிக்கக்கூட அவள் உட்காரவில்லை.

டீச்சருக்குக் கோபம் வரவில்லை. ஒரு கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது.

நடுவார்த்தையில் மூச்சு வாங்குவது தெரியாத்தனம் இல்லை. சேர்ந்து பாடுகிறவர்கள் செய்வது. எல்லோரும் வரியின் முடிவில் வாங்கினால் பாட்டு அங்கே அறுந்துபோகும். அதனால் ஒருத்தி நடுவில் வாங்குவாள். பக்கத்தில் நிற்பவள் அந்த வார்த்தையைத் தாங்கிக்கொள்வாள். கேட்பவர்களுக்குத் தையல் தெரியாது.

அந்தப் பாடத்தை இந்த வகுப்புக்கு டீச்சர் இன்னும் எடுக்கவே இல்லை.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். யாருமில்லை டீச்சர், தானா வருது என்றாள் பம்பரம்.

இன்னொரு தடவை பாடச் சொன்னாள். கீபோர்டு இல்லாமல். மாஸ்டர் கைதட்டித் தாளம் கொடுக்கப் போனார். அதுவும் வேண்டாம் என்று சைகை காட்டினாள்.

பம்பரம் சுற்றினாள். பாடினாள். ‘திறந்’ வந்தது. மூச்சு வாங்கினாள்.

வரி அறுபடவில்லை.

டீச்சர் நிமிர்ந்தாள். காலி அறை, எதிரொலிக்கத்தான் செய்யும் என்றார் மாஸ்டர்.

பாடியதைத்தானே எதிரொலி திருப்பிச் சொல்லும்? பாடாததை எப்படிச் சொல்லும்?

மறுபடியும் பாடச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மெல்லிய குரல். ‘திற’வில் வந்து சேர்ந்தது. இடைவெளியைத் தாங்கியது. ‘கடல்’ தொடங்கியதும் விலகிக்கொண்டது. வந்தது இடப்பக்கத்திலிருந்து.

இடப்பக்கம் சுவர். சுவரில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் உடுப்பு அறை. அங்கே இந்நேரம் இருப்பது ஒருத்திதான்.

அவளைப் பூனை என்பார்கள். நடந்தால் சத்தம் கேட்காது. யார் தடுமாறினாலும் அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பவள். போன வாரத் தேர்வில் இதே பாட்டின் முதல் வரியில் நின்றுவிட்டாள். மறந்துபோச்சு என்று தரையைப் பார்த்தாள். டீச்சரால் நம்ப முடியவில்லை. ஆனாலும் நாடகத்திலிருந்து எடுத்தாக வேண்டியிருந்தது. துணி தேய்க்கிற வேலையாவது குடுங்க என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பூனையும் பம்பரமும் பேசி யாரும் பார்த்ததில்லை. வேறு வேறு பஸ்ஸில் வருவார்கள். ஒருத்தி உட்கார்ந்திருக்கும் பக்கம் மற்றவள் திரும்பமாட்டாள். இரண்டு பேருக்கும் ஏதோ ஜென்மப் பகை என்றுதான் டீச்சர் நினைத்திருந்தாள்.

கதவைத் திறந்தாள்.

நீள மேஜை. மேஜை மேல் வெள்ளைப் பாவாடை. பூனை நடுவில் நிற்கவில்லை. தன் வலப்பக்கம் ஒரு முழம் விட்டு ஓரமாக நின்றிருந்தாள்.

பாடியது நீயா என்று டீச்சர் கேட்டாள்.

நான் வாயே திறக்கலையே டீச்சர் என்றாள் பூனை. பொய் சொல்லுகிற முகமாகத் தெரியவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தூக்க மறந்திருந்தாள். துணி கருகும் வாசனை வந்தது.

டீச்சருக்குப் பின்னால் மாஸ்டரும் வந்து நின்றார். அவரை இடித்துக்கொண்டு பம்பரம் உள்ளே வந்தாள். சுற்றி ஆடி முடித்தாலும் இரைக்காத மூச்சு இப்போது இரைத்தது. டீச்சரையோ மாஸ்டரையோ அவள் பார்க்கவில்லை.

“நீ தனியாப் பாடுடின்னு சொல்லிட்டுத்தானேக்கா நாடகத்த விட்டு வெளிய போன?”